ஒரு வரி கீழே

“இதையும் போட்டு விடுடா” என்று அத்தை ஒரு மூக்குக் கண்ணாடியை நீட்டியபோது அவன் அப்பாவின் சட்டைக் காலரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் இழுத்துவிட்டால் அந்தப் பக்கம் எழுந்து நின்றது. உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான், அவர் உடம்பில் ஒரு சட்டையும் ஒழுங்காக உட்கார்ந்ததில்லை.

“யாரோடது இது?”

“யாரோடதுன்னா? உங்கப்பாவோடதுதான்.”

“அப்பா எப்ப கண்ணாடி போட்டாரு?”

அத்தை அப்பாவின் தங்கை. சாவு வீடு என்றால் எல்லாவற்றையும் தன் தலையில் தூக்கி வைத்துக்கொள்வாள். அழுகையை நடுவில் நிறுத்தி, நாற்காலி எத்தனை வந்தது என்று விசாரித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர அவளால் முடியும். இப்போது அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஒரு மாசமா போடுறாரு. பெத்த அப்பன் கண்ணாடி போட்டது பிள்ளைக்குத் தெரியலை. போன்ல என்னதான் பேசுவீங்க ரெண்டு பேரும்?”

கூடத்தில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்காததே அவனுக்கு உறுத்தியது. கண்ணாடியை வாங்கி, கம்பிகளை அப்பாவின் காதுகளுக்குப் பின்னால் மெல்லச் செருகினான். மூடிய கண்களுக்கு மேல் கண்ணாடி போட்டதும், வகுப்பில் அசந்து தூங்கிவிட்ட வாத்தியாரைப்போல இருந்தார். இடது கண்ணாடியின் மூலையில் வெள்ளையாக, சின்ன வட்டமாக, ஏதோ ஒட்டியிருந்தது. குனிந்து பார்த்தான். சரியாகத் தெரியவில்லை. சுண்ணாம்புத் துளியாக இருக்கும் என்று விட்டுவிட்டான்.

அடக்கம் நாலு மணிக்கு. அதற்கு மேல் தாங்காது என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அப்படி ஒரு வெயில். அவன் விடிகாலை முதல் பேருந்தைப் பிடித்து ஒன்பது மணிக்கு வந்து இறங்கியபோதே தெருப் புழுதி செருப்பில் சுட்டது. கோடையின் பதினான்காவது வாரம் அது. வாரக் கணக்கு அவனுக்கு அத்துப்படி. அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுப்பதுதான் அவன் வேலை.

அப்பா இறந்தது முந்தின நாள் மதியம். தன் நிலத்தில்கூட இல்லை. பக்கத்து நிலத்தில், பூசணியாரின் தக்காளிப் பாத்தியில் குப்புற விழுந்து கிடந்தார். செடிகளுக்கு நிழல் கட்டக் கொண்டுபோன பழைய படுக்கைத் துணி ஒன்று பாதி கட்டியபடி கழியில் ஆடிக்கொண்டிருந்ததாம். வெயில் அடித்துவிட்டது என்றார் மருத்துவர். எழுபத்திரண்டு வயது மனிதர் உச்சிப்பொழுதில் அடுத்தவர் நிலத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று மருத்துவர் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

அவன் கேட்கவே இல்லை. கேட்டால் பதில் எங்கே போய் முடியும் என்று அவனுக்குத் தெரியும்.

நகரத்து விவசாய ஆலோசனை மையத்தில் அவனுக்கு உத்தியோகம். ஊரில் அவனை ‘ஆபீசர்’ என்பார்கள், பாதி மரியாதையாகவும் பாதி கிண்டலாகவும். ஒவ்வொரு ஆண்டும் கோடைக்கு முன் அவன் ஒரு தாள் தயாரிப்பான். சிறு விவசாயிகளுக்கான கோடைக் காய்கறி நடவு அட்டவணை. பத்துக் காய்கறி, பத்து வரி. எதை எந்த வாரம் விதைப்பது, எதை எந்த வாரம் நடுவது, எதற்கு எப்போது நிழல், எத்தனை நாளுக்கு ஒரு தண்ணீர். எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் அடைக்கப் பொடி எழுத்தில் போட வேண்டியிருக்கும். அடியில், ‘தயாரித்தவர்’ என்று அவன் பெயர். அந்தப் பெயரைப் பார்ப்பதற்காகவே அப்பா ஒவ்வொரு ஆண்டும் மையத்துக்கு வந்து ஒரு கட்டுத் தாள் வாங்கிப்போய் வாய்க்கால் பாசனத்தில் இருந்த எல்லா வீட்டுக்கும் கொடுப்பார். கொடுப்பதோடு விடமாட்டார். நாற்றுக்காரம்மாவின் பந்தலில் எல்லோரையும் உட்கார வைத்து, வரி வரியாக வாசித்தும் காட்டுவார்.

இந்த ஆண்டு அந்தத் தாளில் வாரங்கள் எல்லாம் ஒரு வரி கீழே இறங்கிவிட்டன. கணினியில் ஒட்டும்போது நடந்த பிழை. வெண்டைக்கு உரிய ஆறாம் வாரம் தக்காளிக்கு நேராகப் போய் உட்கார்ந்துகொண்டது. வெண்டை எந்த வெயிலையும் தாங்கும், ஆறாம் வாரத்தில் போட்டாலும் காய்க்கும். மற்றவை ஓரிரு வாரம் முன்பின் ஆனாலும் சமாளித்துவிடும். தக்காளி அப்படியில்லை. முதல் வாரத்தில் நட்டால்தான் உச்ச வெயிலுக்கு முன் பிஞ்சு பிடிக்கும். தாமதித்தால் செடி தழைக்கும், பூக்கும், ஊரையே ஏமாற்றும். பிறகு பூவெல்லாம் கொட்டிவிடும். அச்சுக்குப் போகும் முன் அவன் ஒரு தடவை சரிபார்த்தான்தான். திரையில் கோடுகள் ஒன்றோடொன்று கலங்கித் தெரிந்தன. அசதி என்று நினைத்துக்கொண்டான். கண்ணைப் போய்க் காட்டுங்கள் என்று மனைவி ஓராண்டாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதெல்லாம் கிழவர்களுக்கு என்று நாற்பத்தாறு வயதில் அவன் சொல்லிக்கொண்டிருந்தான்.

தாள் வாங்கிப்போன மறுநாளே அப்பா போன் செய்தார்.

“தம்பி, தக்காளிக்கு ஆறாம் வாரம்னு போட்டிருக்கே. ஒருதரம் பார்க்கிறியாப்பா?”

அப்போது அவன் மேலதிகாரியின் அறை வாசலில் நின்றிருந்தான். எதிரே மூன்று பேர்.

“எல்லாம் பார்த்துதான்பா போடுறோம். இது புது ரகம். நீங்க சும்மா பழைய கணக்கையே பிடிச்சுக்கிட்டு.”

“சரிப்பா. புது ரகம்னா சரிதான்.”

மூன்றாம் வாரத்தில் அவனே பிழையைக் கண்டுபிடித்தான். முதல் வாரம் போய்விட்டாலும் அப்போதுகூட நேரம் இருந்தது. தக்காளியை விடுங்கள், அந்தப் பாத்தியில் வெண்டையோ கொத்தவரையோ போடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தாளை எடுத்துக்கொண்டு மேலதிகாரி மேசைவரை போனான். அவர் நிமிர்ந்து என்ன என்றார். விடுமுறை விண்ணப்பத்தைப் பற்றிக் கேட்டுவிட்டுத் திரும்பினான். இதையெல்லாம் யார் பார்த்து நடப்போகிறார்கள், கடையில் பொட்டலம் கட்டத்தான் போகிறது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். சொந்த அப்பா பார்த்து நடுவார் என்பது அவனுக்குத் தெரியும். அதை மட்டும் நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டான். அதன் பிறகு அப்பாவிடமிருந்து வந்த போன்களை எடுப்பதும் குறைந்துபோனது.

பன்னிரண்டு மணிக்கு நாற்றுக்காரம்மா வந்தாள். வாய்க்கால் கரையில் நாற்று வளர்த்து விற்பவள். விரல் நகங்களில் எப்போதும் மண் இருக்கும். அப்பாவின் காலருகே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிறகு அவனை முற்றத்துப் பக்கம் கூட்டிப்போய்த் தணிந்த குரலில் சொன்னாள்.

“மனசுல ஒண்ணும் வச்சுக்காதே தம்பி. வயசானா கண்ணு மங்கத்தானே செய்யும். இதுக்குப் போய் இவ்வளவு வருத்தப்படணுமா அவரு?”

“எதுக்கு?”

“உனக்குத் தெரியாதா? வெண்டை வரியைத் தக்காளிக்கு வாசிச்சுட்டாரு. ஒரு வரி மாத்தி. கண்ணாடி இல்லாம வாசிச்சேன், என் தப்புதான்னு வீடு வீடாப் போய் நின்னாரு. பூவெல்லாம் கொட்டிப்போன வாரம். யாருக்கும் நிதானம் இல்லை. பூசணியார் பேச்சையே விட்டுட்டாரு.”

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டான். சுவர் சுட்டது.

“அப்புறம்தான் கண்ணாடி வாங்கினாரு” என்றாள் நாற்றுக்காரம்மா. சொல்லிவிட்டு அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அவன் ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தவள்போல இருந்தது. அவன் சொல்லவில்லை. “வெயில்ல நிக்காதே, உள்ள போ” என்று போய்விட்டாள்.

இறப்பைப் பதிவு செய்ய வந்தவர் அப்பாவின் அடையாள அட்டையைக் கேட்டார். முக்கியமான எதுவானாலும் அப்பா விதை டப்பாவில்தான் வைப்பார். பின்னறையில், உரமூட்டைகளுக்கும் தெளிப்பானுக்கும் நடுவில், மூடி துருவேறிய பெரிய தகர டப்பா. அவன் மூடியை நெம்பித் திறந்தான். மேலே கொத்தவரை விதைப் பொட்டலம், அதன் கீழே அட்டை, அதற்கும் கீழே நாலாக மடித்த தாள்கள். ஒன்றை விரித்தான். விரித்ததுமே தெரிந்துவிட்டது, ஆனாலும் ஜன்னல் பக்கம் கொண்டுபோய்க் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தான். அவனுடைய தாள். அடுத்ததும் அதே. ஒன்றில் எண்ணெய்க் கறை. ஒன்றில் யாரோ பின்பக்கம் வண்டிக்காரன் போன் நம்பரைக் குறித்திருந்தார்கள். எண்ணினான்.

“பதினொண்ணு” என்று பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. “நம்மளோடதையும் சேர்த்தா பன்னிரண்டு.”

காலையிலிருந்து அம்மா அழவில்லை. அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டே இருந்தாள். இப்போதும் விசிறி கையில்தான் இருந்தது.

“எதுக்கும்மா இதெல்லாம் திரும்ப வாங்கினாரு?”

“புதுத்தாள் வரப்போகுது, பழசைக் குடுங்கன்னு சொல்லி வாங்கிட்டு வந்தாரு. யாராவது எடுத்துப் பார்த்துட்டா?”

“பார்த்தா என்ன?”

அம்மா பக்கத்தில் வந்து தாளின் அடியில் விரலை வைத்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். ஆனால் அந்த இடம் அவளுக்குத் தெரிந்திருந்தது.

“இங்கதானே உன் பேரு இருக்கு?”

அவன் தாளை மடித்தான். மடித்த மடிப்பிலேயே மடிய மறுத்தது.

“கண்ணு தெரியாம வாசிச்சேன்னு சொல்லிட்டாருல்ல, அப்புறம் வெறுங்கண்ணோட திரிஞ்சா ஊரு நம்புமா? சந்தையில போய் ஒண்ணு வாங்கினாரு. போட்டா தலை சுத்துது, தரை மேல வருதுன்னு சொல்லுவாரு. வாசல் தாண்டும்போது போட்டுக்குவாரு, வீட்டுக்குள்ள வந்ததும் கழட்டிடுவாரு.” அம்மா லேசாகச் சிரித்ததுபோல இருந்தது. “கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து அந்த மனுஷன் சொன்ன ஒரே பொய். அதையும் ஒழுங்காச் சொல்லத் தெரியலை.”

“நீயாவது எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமேம்மா.”

“பண்ணினேனே. நாலு தடவை.”

அவனால் அவளைப் பார்க்க முடியவில்லை. தெளிப்பானின் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“தினம் ஒருத்தர் நிலத்துக்குப் போய் நிழல் கட்டினாரு. நம்ம வீட்டுத் துணி ஒண்ணு மிச்சமில்லை. நிழல் கட்டினாலும் கொட்டின பூ ஒட்டிக்கவா போகுதுன்னு சொன்னேன். கேட்டாத்தானே?” அம்மா டப்பாவை அவன் பக்கம் தள்ளினாள். “சரி, உள்ள வச்சு மூடு. ஆளுங்க வர்றாங்க. அவரு ஆசைப்பட்டபடியே போகட்டும்.”

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் அவனுக்குள் ஏதோ ஒன்று லேசானது. தப்பித்தோம் என்ற நிம்மதி. ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியை அவனே பார்த்துவிட்டான். தன்மேலேயே துப்ப வேண்டும்போல இருந்தது அவனுக்கு. தாள்களை டப்பாவில் வைக்காமல் சட்டைக்குள் செருகிக்கொண்டு அட்டையை எடுத்துக்கொண்டு போனான். ஏன் செருகினான் என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது.

மூன்றரைக்குப் பூசணியார் வந்தார். என்றோ ஒரு காலத்தில் மூன்று பேர் சேர்ந்து தூக்க வேண்டிய ஒரு பூசணிக்காயை விளைவித்ததால் வந்த பெயர். ஆள் என்னவோ முருங்கைக்காய். கூடத்தில் பேச்சு நின்றது. அவர் யாரிடமும் எதுவும் சொல்லாமல் நேராக அப்பாவின் பக்கத்தில் போய் நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டார்.

“ஒரு மாசமா உன்கூடப் பேசலை” என்றார் பிணத்திடம். சத்தமாகவே சொன்னார். “தினம் மத்தியானம் துணியைத் தூக்கிட்டு வந்து என் பாத்தியில நிப்பே. நான் தின்னுட்டு நிழல்ல உட்கார்ந்து பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். வேண்டாம் போய்யான்னு ஒரு வார்த்தை சொல்லலை. நேத்தும் சொல்லலை.”

அத்தை கேவினாள்.

“வாசிச்சதுல தப்பு நடந்துபோச்சு. பரவாயில்லை. உன்னை மன்னிச்சுட்டேன்.” இதைச் சொல்லும்போது அவர் அப்பாவைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து, சுவரோரம் நின்ற மகனைப் பார்த்தார். கோபமான பார்வை அல்ல. கடைசிப் பேருந்துக்குக் காத்திருக்கிறவர் சாலையைப் பார்ப்பாரே, அப்படி.

இப்போது சொல்லலாம். இதோ, இப்போது. வேலை நினைவுக்கு வந்தது, மேலதிகாரி நினைவுக்கு வந்தார், ஊரில் இனி எப்படித் தலை காட்டுவது என்று நினைத்தான். அப்பா இந்த ஒரு மாதமும் இதே ஊரில் வீடு வீடாகத் தலையைக் காட்டிக்கொண்டிருந்தாரே என்பதும் நினைவுக்கு வந்தது. பூசணியார் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தொப்பியை உதறிக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

தச்சர் பெட்டியின் மூடியோடு உள்ளே வந்தார். அப்பாவைத் தூக்கிப் பெட்டியில் வைத்தார்கள். காலர் மறுபடி எழுந்து நின்றது. அத்தை குனிந்து கண்ணாடியை மூக்கின்மேல் நேராக்கிவிட்டாள்.

“எல்லாரும் பார்த்தாச்சா? மூடலாமா?” என்றார் தச்சர்.

தச்சர் மூடியைத் தூக்கினார். மூடியின் நிழல் அப்பாவின் காலிலிருந்து மேலே ஏறி நெஞ்சுக்கு வந்தது.

“கொஞ்சம் இருங்க” என்றான் அவன்.

பெட்டிக்கு அருகில் போனான். அப்பாவின் காதுகளிலிருந்து கம்பிகளை ஒவ்வொன்றாக விடுவித்துக் கண்ணாடியைக் கழற்றினான். மூக்கின் இரண்டு பக்கமும் பதிந்த தடம்கூட இல்லை.

“ஏன்டா கழட்டுறே?” என்றாள் அத்தை. “அவரோட பொருள் அவரோட போகட்டும்.”

“இது அவரோடது இல்லை அத்தை. அப்பாவுக்குக் கண்ணு நல்லாத் தெரியும்.”

சட்டைக்குள்ளிருந்து தாள்களை எடுத்தான். வியர்வையில் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பிரித்து ஒன்றைப் பூசணியாரிடம் நீட்டினான். ஒன்றை நாற்றுக்காரம்மாவிடம் கொடுத்தான். மற்றவற்றை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் பெட்டியின் விளிம்பில் வைத்தான்.

“இதுல இருக்கிறதைத்தான் அப்பா வாசிச்சாரு. தப்பா வாசிக்கலை. தாள்லயே தப்பு. நான் போட்டது. மூணாம் வாரமே எனக்குத் தெரியும். சொல்லலை.”

எங்கோ ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. அவன் தலையைத் தூக்கவில்லை. யாராவது ஓங்கி ஓர் அறை விட்டால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. யாரும் விடவில்லை.

பூசணியார் தாளை விரித்துக்கூடப் பார்க்கவில்லை.

“தெரியும்” என்றார்.

அவன் நிமிர்ந்தான்.

“இதைத் திருப்பிக் குடுக்குறதுக்கு முந்தியே என் மக வாசிச்சுக் காட்டிட்டா. அவ வாசிக்கலைன்னாலும் தெரியும். உங்கப்பன் கண்ணு எனக்குத் தெரியாதா? வாய்க்காலுக்கு அந்தக் கரையில நின்னுக்கிட்டு இந்தக் கரை கத்தரியில புழு இருக்குன்னு சொல்ற ஆளு. அந்த ஆளு கண்ணாடி மாட்டிக்கிட்டு, கல்லுல தடுக்கித் தடுக்கி நடந்து வந்து, கண்ணு தெரியலைன்னு நிக்கிறாரு. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறாரு. அதுவும் என்கிட்ட.”

யாரோ சிரித்துவிட்டு உடனே இருமினார்கள்.

“ஸ்டிக்கரைக்கூடப் பிய்க்கலை பாரு” என்றாள் நாற்றுக்காரம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. “கடையில ஒட்டின ஸ்டிக்கர். அதோடயே ஒரு மாசம்.”

அவன் கையிலிருந்த கண்ணாடியைப் பார்த்தான். அந்த வெள்ளை வட்டம்.

“எல்லாருக்கும் தெரிஞ்சுமா…”

“என்னன்னு சொல்லச் சொல்றே?” பூசணியாரின் குரல் முதல்முறையாக உடைந்தது. “நீ சொல்றது பொய்யின்னு அந்த மனுஷன் மூஞ்சிக்கு நேரே சொல்றதா? பிள்ளை பேரு கெட்டுடக் கூடாதுன்னு வந்து நிக்கிறாரு. எனக்குக் கோபம் உன்மேல. உன்னை எங்க பிடிக்கிறது? பக்கத்துல இருந்தது அவருதான்.”

அப்பா பெட்டிக்குள் வெறும் முகத்தோடு படுத்திருந்தார். தூங்கும் வாத்தியாரைக் காணோம், அப்பாதான் இருந்தார். அம்மா எழுந்து வந்து, விசிறியை வைத்துவிட்டு, எழுந்து நின்ற காலரைக் கட்டைவிரலால் அழுத்தினாள். அழுத்தியபடியே வெகுநேரம் வைத்திருந்தாள். பிறகு தச்சரைப் பார்த்துத் தலையசைத்தாள்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது ஐந்தரை. வெயில் இன்னும் முழுதாக இறங்கவில்லை. சாவு வீட்டுக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். வாய்க்கால் பாசனத்துக்காரர்கள் மட்டும் முற்றத்தில் தங்கிவிட்டார்கள். அவர்களுக்கு நடுவில் போய் நிற்க அவனுக்குக் கூசியது. உள்ளே போய் உட்காரவும் கூசியது. வாசலுக்கும் முற்றத்துக்கும் நடுவில், யாரோ விட்டுவிட்டுப்போன குடையைப்போல நின்றான்.

“ஆபீசரே” என்றார் பூசணியார். வழக்கமான கிண்டல் அதில் இல்லை. “பன்னிரண்டு பேரு பாத்தியும் சும்மா கிடக்குது. செடியைப் பிடுங்கிட்டு வேற எதையாவது போட இன்னும் நாள் இருக்கா, இல்லையா?”

“இருக்கு” என்றான். “கொத்தவரை போடலாம். தட்டைப்பயறு போடலாம்.”

“வாயால சொல்லாதே. எங்களுக்கு வாசிச்சுக் காட்டித்தான் பழக்கம்.” பெட்டியருகே வாங்கிய தாளை அவர் பையிலிருந்து எடுத்து நீட்டினார். “எது எந்த வரின்னு சரிபண்ணி, மேலேர்ந்து வாசி.”

நாற்றுக்காரம்மா ஒரு பென்சிலைக் கொடுத்தாள். அவன் நாற்காலியில் உட்கார்ந்து தாளை மடியில் விரித்தான். வரிகள் எறும்பு ஊர்வதுபோல ஒன்றுக்குள் ஒன்று போயின. தாளைத் தூக்கிக் கையை நீட்டிப் பிடித்தான். இன்னும் நீட்டினான். கைக்கு அதற்கு மேல் நீளமில்லை. முற்றத்தில் எல்லோரும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சட்டைப் பையில் கண்ணாடி இருந்தது. எடுத்தான். இடது மூலையில் இருந்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினான். பாதி வந்தது, பாதி பிசினாக நின்றது. சட்டை நுனியால் தேய்த்தான். பிறகு கம்பிகளைக் காதில் மாட்டிக்கொண்டு தாளைப் பார்த்தான்.

பத்து வரியும் தனித்தனியாகத் தெரிந்தன. எது எதற்கு நேராக இருக்கிறது என்பதும் தெரிந்தது.

வாசற்படியில் நின்றிருந்த அம்மா அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். அவன் பென்சிலால் முதல் வரிக்குக் கீழே ஒரு கோடு இழுத்துவிட்டு வாசிக்கத் தொடங்கினான்.